பன்னிரண்டு அடிக்கு அப்பால்

பஸ் கண்டக்டராக இருந்த ஒன்பது வருஷத்தில் அவள் ஒரு நாளும் கம்பியைப் பிடித்து நின்றதில்லை. வண்டி திரும்பும்போது எந்தக் காலுக்கு எடையை மாற்ற வேண்டும் என்பது அவள் உடம்புக்கே தெரியும். அப்படிப்பட்டவளின் இடது காலை, டிப்போ வாசலில் பின்னால் வந்த ஒரு வண்டி முழங்காலுக்கு ஒரு சாண் கீழே பறித்துக்கொண்டது. அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. கணவர் முடிவெட்டும் கடை வைத்திருந்தார். மகள் இரண்டாம் வகுப்பு.

காயம் ஆறியதும் கம்பெனி அவளை முன்பதிவு ஜன்னலுக்குப் பின்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தது. மூன்றே மாசத்தில் வண்டிக்குத் திரும்புவேன் என்று மேலதிகாரியிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை, ‘பாவம்’ என்று பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

செயற்கைக் கால் செய்து கொடுக்கும் பட்டறை ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. நீளமான கூடம், எங்கே தொட்டாலும் மாவு. அங்கே தலைமைக் கைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். முப்பத்தைந்து வருஷமாக அதே கூடத்தில் கால் செய்கிறவர். மிச்சமிருக்கும் காலைச் சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, அதிலிருந்து அச்சு வார்த்து, அந்த அச்சை அரத்தால் ராவி, அதன்மேல் காலைச் செருகிக்கொள்ளும் கூட்டை வடிப்பார். ராவும்போது அவர் கை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுகிற மாதிரி போகும். சுவரில் நீல வர்ணத்தில் பதினான்கு விதிகள் எழுதியிருந்தன. அவருடைய குரு எழுதி வைத்தவை. வருஷத்துக்கு ஒருமுறை மாஸ்டரே ஏணி போட்டு ஏறி, மங்கின எழுத்துக்கு மறுபடி வர்ணம் கொடுப்பார்.

அச்சு எப்போதும் காலையில், உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு எடுக்க வேண்டும் என்பது ஆறாவது விதி. இரண்டு கம்பிகளுக்கு நடுவே பன்னிரண்டு அடி நடக்க விட்டு, இடுப்பு சாயாவிட்டால் கால் சரி என்பது பதினான்காவது.

அவள் பன்னிரண்டு அடி நடந்தாள். இடுப்பு சாயவில்லை. மாஸ்டர் பதிவேட்டில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே கோளாறு தெரிந்தது. பஸ் படியில் ஏறினாள், கூடு கழன்று வருகிற மாதிரி இருந்தது. மத்தியானம் ஆனதும் எலும்பின் நுனி உள்ளே எதிலோ இடித்தது. சாயந்தரம் கழற்றிப் பார்த்தால், மிச்சக்காலில் மாட்டியிருந்த துணி உறையில் ரத்தம். மறுநாள் போய்ச் சொன்னாள். மாஸ்டர் கூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விரலை விட்டுத் தடவினார், ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை.

“கால் சரியாத்தாம்மா இருக்கு. நீதான் பழகணும்” என்றார்.

மூன்று முறை போனாள். மூன்று முறையும் அதே பதில். நாலாவது முறை அவள் கேட்டாள்: “நீங்க இதை என்னைக்காவது ஒரு நாள் போட்டுப் பார்த்திருக்கீங்களா மாஸ்டர்?”

கூடத்தில் அரம் ராவுகிற சத்தம் நின்றுபோனது. மாஸ்டருக்குக் கோபம் வந்ததா என்று யாருக்கும் தெரியாது. தன் குருவும் போட்டதில்லை, குருவின் குருவும் போட்டதில்லை, ஆனாலும் ஆயிரம் பேர் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே அவளுக்கு ‘முரண்டு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. பின்னால் வந்தவர்கள் ‘முரண்டு அக்கா’ என்று மரியாதை சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

முன்பதிவு ஜன்னலில் உட்கார்ந்த இடத்திலேயே அவள் வேலையை ஆரம்பித்தாள். கூட்டம் குறையும் நேரம் பார்த்து மேஜைக்கு அடியில் காலைக் கழற்றுவாள், மிச்சக்காலை மூன்று இடத்தில் நாடாவால் அளப்பாள், பிழையாக அச்சாகி வீணான பயணச் சீட்டுகளின் பின்பக்கம் குறித்துக்கொள்வாள். பக்கத்து ஜன்னல்காரி முதலில் முகத்தைச் சுளித்தாள், பிறகு மணி பார்த்து ஞாபகப்படுத்தும் அளவுக்கு வந்துவிட்டாள். பத்து நாள் சீட்டுகளைப் பரப்பிப் பார்த்தபோது விஷயம் பளிச்சென்று தெரிந்தது. காலையில் இருக்கிற கால் மத்தியானம் இருப்பதில்லை. நடக்க நடக்க சதை வற்றி, கால் கூட்டுக்குள் இறங்குகிறது. மகளுடைய விளையாட்டுக் களிமண்ணில் பட்டாணி அளவு உருட்டிக் கூட்டின் அடியில் வைத்தாள். காலை எட்டு மணிக்கு உருண்டை உருண்டையாகவே இருந்தது. இரண்டு மணிக்கு அப்பளம்.

சீட்டுகளையும் களிமண்ணையும் மாஸ்டர் மேஜையில் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒன்றுவிடாமல் படித்தார். அவர் படித்தார் என்பதை அவள் எப்போதும் மறுத்ததில்லை. படித்துவிட்டு, எங்கள் முறை இப்படி இல்லை என்று திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அவள் பட்டறை மேலாளரிடம் போய் வேலை கேட்டாள். கூட்டிப் பெருக்கி, மாவு கலக்கிக் கொடுக்கிற வேலைதான் காலி என்றார். சரி என்றாள். கணவர் முடிவெட்டுகிற நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“உட்கார்ந்து பார்க்கிற வேலையை விட்டுட்டுக் குனிஞ்சு பெருக்குற வேலைக்கா போற?”

“உட்கார வெச்சாங்களே, அதுதாங்க எனக்கு ஆகலை.”

“என் தொழில்ல தப்பா வெட்டினாலும் ஒரு மாசத்துல வளர்ந்துடும். அங்க அப்படியில்ல. பார்த்து நடந்துக்க” என்றார். அதற்குமேல் அவர் தடுக்கவில்லை.

மாஸ்டர் அவளுக்கு எதையும் சொல்லித்தரவில்லை. அவளும் கேட்கவில்லை. மாவு கலக்கிக்கொண்டே அவர் கையைப் பார்த்தாள். எலும்பு துருத்தும் இடத்தில் அச்சின்மேல் மாவைக் கூட்டுவார், சதை தாங்கும் இடத்தில் ராவிக் குறைப்பார். எங்கே எவ்வளவு என்று வாயால் சொல்லத் தெரியாது அவருக்கு, விரலுக்குத் தெரியும். உடைந்துபோன அச்சுகளை அவள் குப்பைக்கு அனுப்பாமல் மூலையில் சேர்த்துவைத்து, வார விடுமுறையில் வந்து ராவிப் பழகினாள். இரண்டு வருஷம் போனது. மேலாளர் அவளைக் கைக்காரர் பட்டியலில் சேர்த்தார். முதல் காரியமாகத் தனக்கே ஒரு கால் செய்துகொண்டாள். நாலு மணி நேரம் தெருத்தெருவாக நடந்து அலைந்துவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் கையாலேயே மாவுக்கட்டுப் போட்டு எடுத்த அச்சு அது. ஆறாவது விதிக்கு நேர் எதிர்.

அந்தக் காலோடு ஒருநாள் முழுக்க, பத்து மணி நேரம், உட்காராமல் கூடத்தில் நின்று வேலை செய்தாள். சாயந்தரம் எல்லோர் முன்னாலும் கழற்றிக் காட்டினாள். தோலில் ஒரு சிவப்புக்கூட இல்லை. மாஸ்டர் கிட்டே வந்து கட்டைவிரலால் நாலு இடத்தில் அழுத்திப் பார்த்தார்.

“ஒரு காலுக்குச் சரி” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொறாமை என்றுதான் அவள் நினைத்தாள்.

மத்தியான அச்சு முறையில் அவள் அடுத்தடுத்து ஏழெட்டுப் பேருக்குக் கால் செய்தாள். நன்றாகவே நடந்தார்கள். தெரிந்த விஷயத்தைத் தெரியாத மாதிரி மென்று விழுங்கும் பழக்கம் அவளுக்கு இல்லாததால், சுவரைப் பார்த்து வாய்விட்டே பேசினாள்: கால் உள்ளவர்கள் எழுதினதைக் கால் போனவர்கள் ஏன் கேட்க வேண்டும்? மற்ற கைக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மாஸ்டர் ராவிக்கொண்டே இருந்தார்.

அப்போதுதான் ஒரு தபால்காரர் வந்தார். ஐம்பது வயது, வலது கால் போனவர், திரும்பவும் தபால்பையைத் தூக்கியே தீருவேன் என்கிறவர். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போனது. நடக்கவிட்டு, மத்தியானம் அச்சு எடுத்து, கால் செய்து கொடுத்தாள். பத்து நாள் கழித்து வந்தார். காலையில் போடும்போது உள்ளே போகவே மாட்டேன் என்கிறது, இறுக்கிப் பிடிக்கிறது என்றார்.

“என் கால்ல போட்டுப் பார்த்த முறை இது. சரியாத்தான் இருக்கு. நீங்கதான் பழகணும்” என்றாள்.

அவர் நம்பி, பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் திணித்தார். ஒரு மாசத்தில் தோல் கிழிந்து, புண் உள்ளே போய், ஆஸ்பத்திரியில் படுத்தார். முழங்காலையும் எடுக்க வேண்டிவருமோ என்று டாக்டர்கள் ஆறு வாரம் கையைப் பிசைந்தார்கள். முழங்கால் தப்பியது. அவருக்கு இதயக் கோளாறு. ராத்திரி கூட்டைக் கழற்றி வைத்தால் விடியும்போது மிச்சக்கால் வீங்கியிருக்கும். அதை அவள் கேட்கவே இல்லை. அவரும் சொல்லவில்லை, காலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்து.

ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் மனைவி முகம் கொடுத்துப் பேசவில்லை. தபால்காரர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நீங்க எனக்குக் கால் செய்யலம்மா. உங்க காலையே எடுத்து எனக்கு மாட்டிட்டீங்க” என்றார்.

அன்று அவள் பட்டறைக்குத் திரும்பி, மாஸ்டர் எதிரே போய் நின்றாள். குத்திக் காட்டுவார் என்று எதிர்பார்த்தாள். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள். அவர் சுவரில் ஆறாவது வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் வீக்கக்காரர்கள் என்று மெதுவாகச் சொன்னார். காலையில், வீங்கின நேரத்தில் அச்சு எடுத்தால்தான் மறுநாள் காலையில் கால் உள்ளே போகும். குரு அதற்காகத்தான் எழுதியிருக்க வேண்டும்.

“இருக்க வேண்டும்னா? உங்களுக்குச் சொல்லலையா?”

“இல்லம்மா. நானும் கேட்கல. இப்பத்தான் எனக்கே தோணுது.”

அவளுக்கு அழுகைக்குப் பதிலாகக் கோபம் வந்தது. தன்மேல் முதலில், பிறகு அந்த நீல எழுத்தின்மேல். யாரோ ஒருவர் பட்டுத் தெரிந்துகொண்ட விஷயம் அது. தெரிந்துகொண்டதை மட்டும் எழுதிவிட்டு, பட்டதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அதனால் ஒருவர் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பின்பற்றினார், இன்னொருத்தி கண்ணை மூடிக்கொண்டு அதை உடைத்தாள். நடுவில் ஒரு மனுஷனின் முழங்கால் போகவிருந்தது.

மறுநாள் பதினான்கு விதிகளுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு வெள்ளைத்தாள் ஒட்டினாள். தலைப்பில் ‘ஏன்?’ என்று மட்டும். பதில் தெரிந்தவர்கள் எழுதலாம். காரணம் தெரியாத விதியை யாரும் அவளுக்குச் சொல்லக் கூடாது. எட்டுத் தாள்கள் நிரம்பின, அதில் ஐந்தை எழுதியவர் மாஸ்டர். ஆறு தாள்கள் காலியாகவே தொங்கின. பதினான்காவதும் அதில் ஒன்று.

பன்னிரண்டு அடி ஏன்? மாஸ்டர் யோசித்து யோசித்துப் பார்த்தார். கூடத்தில் அந்தக் கம்பிகளின் நீளம் அவ்வளவுதான் என்பதைத் தவிர வேறு காரணம் அகப்படவில்லை.

இனிமேல் தான் செய்யும் காலுக்குப் பன்னிரண்டு அடியைப் பார்த்து ‘சரி’ எழுத மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டாள். மூன்று நாள் காலை, மத்தியானம், சாயந்தரம் அளவு எடுப்பது. என்ன மருந்து சாப்பிடுகிறார், எதில் உட்காருகிறார், வீட்டில் எத்தனை படி என்று கேட்பது. பிறகு அவரோடு வெளியே போய் அவர் தெருவில், அவர் பஸ்ஸில் நடந்து பார்ப்பது. மாசத்துக்குப் பத்துக் கால் முடிக்கிறவள் நாலுதான் முடித்தாள். மேலாளர் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள், எண்ணிக்கை குறைந்தால் பட்டறையையே மூடுவார்கள் என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

“குடுத்த காலை எண்ணுறீங்க. போட்டு நடக்கிற காலை யாராவது எண்ணிருக்கீங்களா?” என்றாள் அவள்.

கேட்டதோடு விடவில்லை. பதிவேட்டிலிருந்து விலாசங்களை எழுதிக்கொண்டு கிளம்பினாள். கூடப் போனவர் யார் என்றால், தபால்காரர். ஊன்றுகோலோடு நடந்தாலும், எந்தச் சந்து எங்கே முடியும் என்பது அவருக்கு அத்துப்படி. ஆறு வாரம் அலைந்தார்கள். கால்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தன, பரணில் கிடந்தன, பழைய துணி மூட்டைக்குள் கிடந்தன. ஒரு வீட்டில் காற்றுக்குக் கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஓர் அம்மாள், நல்ல கால்தான், என்னால்தான் பழக முடியவில்லை, யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார்.

ஆய்வாளர்கள் வந்த காலையில், இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்க இடமில்லை. வீடுவீடாகக் கேட்டு வாங்கி வந்த ஐம்பத்தேழு கால்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: கொடுத்த தேதி, பதிவேட்டில் இருந்த ‘சரி’, கையெழுத்துப் போட்டவர், கழற்றி வைத்த தேதி. மேலாளர் முகம் செத்துப்போனது. ஆய்வாளர்களில் ஒருவர், இதை யார் அனுமதித்தது என்று கேட்டார். நான்தான் என்றாள். நீ யார் என்றார். நடக்கிறவள் என்றாள்.

யாரும் எதிர்பாராத விதமாக மாஸ்டர் வரிசைக்கு அருகில் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு காலாக எடுத்து, கூட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இது மத்தியானம் இறங்கியிருக்கும். இது எலும்பில் உராய்ந்திருக்கும். இருபதாவது காலோடு நிறுத்திக்கொண்டு, மீதிக்குச் சீட்டை மட்டும் பார்த்து எண்ணினார். நாற்பத்தொரு கால்கள் தன் கையெழுத்து, எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆய்வாளர்களிடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார். அவளுக்கு ஜெயித்த மாதிரி இல்லை. ஆனால் செய்ததைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

ஒரு வாரம் அவர் வரவில்லை. வந்த அன்று அவளிடம், தன் நல்ல காலை மடக்கிக் கட்டி, முழங்காலுக்குக் கீழே பொய்க்கால் பொருத்துகிற மாதிரி ஒன்று செய்து தரச் சொன்னார். அதை மாட்டிக்கொண்டு, அவள் கூட வர, அறுபத்துமூன்று வயதில் அவர் பட்டறை வாசலைத் தாண்டி, தெருவில் இறங்கினார். சரிவில் உடம்பு முன்னால் தள்ளிக்கொண்டு போனது. படியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்று நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் விலகிப் போனார்கள். ஒருவர் ‘பாவம்’ என்று பார்த்துக்கொண்டே போனதை அவள் கவனித்தாள்; மாஸ்டரும் கவனித்தார். பஸ் நிறுத்தத்துக்குப் போவதற்குள் மருந்துக்கடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். வேர்வை ஊற்றியது.

“எத்தனை அடி வந்திருப்போம்?”

“நூத்தி நாற்பது.”

“இதைத்தானே அன்னைக்கே கேட்ட” என்றார்.

பட்டறையை மூடவில்லை. எண்ணிக்கையும் அப்புறம் பழைய அளவுக்கு ஏறவே இல்லை. அதற்காக மேலாளர் வருஷா வருஷம் யாரிடமாவது திட்டு வாங்கினார், வாங்கப் பழகிக்கொண்டார். கால் கொடுத்து ஆறு மாசம் கழித்து வீட்டுக்குப் போய்ப் பார்த்த பிறகே பதிவேட்டில் கையெழுத்து என்றானது. தபால்காரருக்கு அவளும் மாஸ்டரும் சேர்ந்து புதுக் கால் செய்தார்கள்: காலையில் அச்சு எடுத்து, வீக்கம் வடிய வடிய உறைமேல் உறை போட்டுக்கொள்கிற மாதிரி. அவர் பணி ஓய்வு பெறும்வரை அதே பாதையில் தபால் போட்டார். அவர் மனைவி மட்டும் கடைசிவரை அவளோடு பேசவில்லை. அதுவும் நியாயம்தான் என்று அவள் விட்டுவிட்டாள்.

மாஸ்டர் போன பிறகு அவள்தான் தலைமைக் கைக்காரி. பயிற்சிக்கு வந்தவர்கள் அவள் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டு, அழகாக அச்சடித்து, ‘அக்கா முறை’ என்று சட்டம் போட்டு மாட்டினார்கள். அவள் நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினாள். அவர்களுக்கு மனசு சங்கடமாகிவிட்டது.

“நான் சொன்னது தப்புன்னு சொல்லல. ஆனா இதை மாட்டிட்டா, வர்றவங்களைப் பார்க்க மாட்டீங்க, இதைத்தான் பார்ப்பீங்க” என்றாள்.

அவளுக்கு ஐம்பத்தொன்பது வயதானபோது வந்தாள் ஒருத்தி, ஒரு கால் போனவள், மாடிக் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவள். அவளுக்குப் பொய்க்காலில் பாதம் வேண்டாமாம். பாதத்துக்குப் பதிலாக ஒரு ரப்பர் கட்டை போதும் என்றாள். பாதம் இல்லாத கால் தடுக்கிவிடும் என்று முரண்டு அக்கா இருபத்தைந்து வருஷ அனுபவத்தை எடுத்து வைத்தாள். ஒவ்வொன்றும் சரியான காரணம்தான்.

“அதெல்லாம் தரைக்கு, அக்கா. ஏணி உங்களுக்குத் தெரியாது” என்றாள் வந்தவள், கொஞ்சமும் அசராமல்.

அக்காவுக்கு முகம் சிவந்தது. வர்ணம் அடிக்கிற இடம் எது என்று விலாசம் வாங்கிக்கொண்டாள். மறுநாள் காலை அங்கே போய், நின்றிருந்த ஏணியில் கையை வைத்தாள். கடையைப் பூட்டிவிட்டுக் கூட வந்த கணவர், வேண்டாம், இந்த வயசில் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். முதல் நாலு படி சுலபமாக ஏறினாள். ஐந்தாவதில் பொய்க்காலின் பாதம் அடுத்த படியின் அடியில் மாட்டிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. இடுப்பைத் திருப்பி, குதிகாலைச் சாய்த்து விடுவித்துக்கொண்டாள். ஆறாவதிலும் மாட்டியது. கீழே பார்க்காமல் அங்கேயே நின்றாள். மேலே இருந்து வர்ணக்காரி எட்டிப் பார்த்தாள்.

“எங்க இடிக்குதுன்னு தெரியுதா அக்கா?”

“தெரியுது. பேசாம இரு, இன்னொரு படி ஏறிப் பார்க்கிறேன்” என்றாள்.